ஓடினால் கர்த்தருக்கு

ஜூன் 8, ஞாயிறு

அம்மா கோயில் ஆராதனைக்குப் போன பிறகு கொல்லைக் கொட்டகையிலிருந்து அப்பாவின் ஜாவா மோட்டார் சைக்கிளை வெளியே இழுத்தேன். இழுத்தேன் என்று எழுதுவது பெருமை. இரண்டு டயரும் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. தென்னை மட்டைகளையும் அப்பா கடைசியில் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலியையும் அப்புறப்படுத்தி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பாதாம் மரத்தடிக்குக் கொண்டுவர முற்பகல் முழுவதும் ஆயிற்று.

நேற்று அம்மா பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கடையிலிருந்து அப்போதுதான் வந்தேன். விற்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். நான் சரிசெய்யப்போகிறேன் என்று வாயில் வந்துவிட்டது. அதுவரை அப்படி ஓர் எண்ணம் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

கோயில் விட்டு வந்தவள் பாதாம் மரத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, உனக்கு என்ன வயசுன்னு நினைப்பு?"

"நாப்பத்தொன்பது."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுதியா, நக்கல் பண்ணுதியா?"

கறிக்குழம்பில் உப்பு கூடுதல். இரண்டு பேரும் தட்டைக் காலி செய்தோம்.

ஜூன் 15, ஞாயிறு

சென்னையிலிருந்து தம்பி ஜெபசிங் பேசினான். வண்டி இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஓடத் தொடங்கினால் என் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு நீயும் அம்மாவும் சம்மதம் எழுதித் தரவேண்டும் என்றேன்.

"அதுக்கென்னக்கா, ஓடட்டும் முதல்ல" என்றான். பிறகு பக்கத்தில் திரும்பி, "பெர்சி, கேட்டியா, அக்கா கெமிஸ்ட்ரியை விட்டுட்டு மெக்கானிக் ஆயிட்டா" என்று மனைவியிடம் சொல்வது கேட்டது. பெர்சியின் சிரிப்பும் கேட்டது.

இந்த வீடு அவன் பெயரில். அப்பா எழுதும்போது நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. வண்டியைப் பற்றி மட்டும் அப்பா எதுவும் எழுதாமல் போய்விட்டார். மறந்திருப்பார்.

பி.எஸ்சி. படிக்கும்போது ஒருநாள், ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அவரிடம் கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்குப் பின்சீட்டுதான் என்று சிரித்தார். தம்பிக்கு மீசை அரும்பியதும் சாவியைக் கையில் கொடுத்தார். அவன் முதல் நாளே வாய்க்காலில் விட்டான். அப்புறம் அதைத் தொடவில்லை. வருத்தத்தில் இதை எழுதவில்லை. நடந்தது இது.

ஜூலை 5, சனி

மேலப்பாளையம் மெக்கானிக் பீர் முகம்மது வந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வருகிறேன் என்று சொன்னவர். அதற்கப்புறம் எத்தனையோ வெள்ளி போய்விட்டது. பழைய வண்டிகளைப் பார்க்கிறவர் இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு நேரம் ஒரு பொருட்டில்லை.

சுற்றிவந்து பார்த்தார். எஞ்சினைச் சுழற்ற முயன்று விட்டுவிட்டார்.

"டீச்சர், இது வண்டி இல்ல, மய்யித்து. அடக்கம் பண்ணுறதை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"பிஸ்டன் பிடிச்சிருக்கு. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். உசுர் மட்டுந்தான் போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினால் விட்டுவிடும் என்று பையைத் திறந்தார். வேண்டாம் என்றேன். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மண்ணெண்ணெயும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றினேன். ஊறட்டும். துரு எனக்குப் பழக்கமான விஷயம். இருபத்தைந்து வருஷமாக அதைக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

அசையவில்லை.

ஜூலை 19, சனி

அசையவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றினார்கள். விடைத்தாள் திருத்தும் வேலை பாதியில் நிற்கிறது.

ஜூலை 24, வியாழன்

அசைந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெட்ரோல் டாங்கின் உட்புறம் முழுக்கத் துரு. சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து டாங்கை நிரப்பி, உள்ளே எங்கும் தொடாதபடி ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் இரண்டு முனைகளையும் கொடுத்தேன். கம்பிக்கு நேர்முனை, டாங்குக்கு எதிர்முனை. மாற்றிக் கொடுத்தால் டாங்கு அரித்துப்போகும். சற்று நேரத்தில் நுரை பொங்கி வந்தது. துரு டாங்கை விட்டுக் கழன்று கறுப்புச் சேறாக அடியில் இறங்கியது. கம்பி அரித்துக்கொண்டே போனது. ஒன்று சுத்தமாக இன்னொன்று கெடவேண்டும்; அதைச் செய்துகாட்டப் புத்தகம் தேவையில்லை.

தம்பியின் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்களாம். பட்டியல் தயாராகிறதாம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்துக்குப் போகிறாள். சர்க்கரை நோயாளி பட்டினி கிடக்கக் கூடாது என்றேன். "கர்த்தருக்குத் தெரியாத சர்க்கரையா?" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா காப்பி எடுத்துக்கொண்டு மரத்தடிக்கே வந்துவிட்டாள். இதுவரை வந்ததில்லை. நான் கார்புரேட்டரின் சின்னத் துளைகளைக் கித்தார்க் கம்பியால் குத்திக்கொண்டிருந்தேன். முக்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஓடுமாட்டி இது?"

"தெரியாதும்மா."

"நெசமாச் சொல்லு. ஓடாதுன்னா ஓடாதுன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்கிட மாட்டேன்."

"இப்ப இருக்க நெலமைக்கு ஓடாது."

"அந்தப் பாய் என்ன சொல்லுதாரு?"

"அவரும் ஓடாதுன்னுதான் சொல்லுதாரு."

அவள் முகம் தெளிந்தது. என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனாள். அவள் கை என் தலையில் பட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அப்பா நினைவு வந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பட்டியல் வந்துவிட்டது. அதில் ஜெபசிங் பெயர் இல்லை. அம்மா காலையிலேயே பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், கர்த்தர் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொன்னாளாம். நான் போவதில்லை. போகாமல் விட்டதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை.

மாலையில் பால் வாங்கப் போனபோது சபைக்காரப் பெண்கள் இருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க வீட்டுக்குக் கர்த்தர் பெரிய காரியம் செஞ்சிருக்காரு டீச்சர். நீங்களும் சம்மதிச்சீங்களே, அதுதான் பெருசு."

எதற்குச் சம்மதித்தேன் என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும்; ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்பதில் வந்து முடியும். சிரித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் போட்டாயிற்று. பெயின்ட் அடித்தும் வந்துவிட்டது. கருஞ்சிவப்பு கேட்டேன். பீர் கொண்டுவந்தது பீட்ரூட் நிறம்.

"வெயில்ல நிறுத்துங்க டீச்சர், ஒரு மாசத்துல நீங்க கேட்ட கலருக்கு வந்துரும்."

"ஒரு வருஷத்துல?"

"அப்ப வேற கலர் கேப்பீங்க."

அம்மா இப்போதெல்லாம் மரத்தடிப் பக்கம் வருவதில்லை. எதிரே பார்க்கும்போதெல்லாம், "உடம்பைக் கெடுத்துக்கிடாத. விட்டுத்தொலை" என்கிறாள். என் உடம்பைப் பற்றி அவள் கவலைப்படுவது புதிது.

அக்டோபர் 2, வியாழன்

கல்லூரி விடுமுறை. பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினேன். உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் உதைத்தேன். ஒரு முறை இருமியது. அடுத்த உதைக்குப் பிடித்துக்கொண்டது.

புகை பாதாம் மரத்தை மறைத்துவிட்டது. சின்ன வயதில் அந்தச் சத்தம் தெருவில் திரும்பினாலே நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன், அப்பா வந்துவிட்டார் என்று. இன்றைக்கு அந்தச் சத்தம் என் கைக்குள் இருந்தது. திருகினால் ஏறியது, விட்டால் இறங்கியது.

ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய தைரியத்தில் தெருமுனை வரை போய்த் திரும்பினேன். பிறகு முருகன்குறிச்சி வரை. பிறகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் வரை. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். சேலை முந்தானையை இடுப்பில் செருகியிருந்தேன். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் விழுந்துவிடுவேன் என்று பயந்திருப்பாள். உள்ளே போய் முழங்காலில் நின்றாள். வெகுநேரம் எழவில்லை.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். நவம்பரில் கோயில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு வருகிறேன், அப்போது எல்லாவற்றையும் பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அவன் பண்டிகைக்கு வந்து பல வருஷம் ஆகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

பத்து நாளாக ஜாவாவில்தான் கல்லூரிக்குப் போகிறேன். பிள்ளைகள் வராந்தாவில் வந்து நிற்கிறார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

கிளட்ச் வயரை இறுக்க இன்று பீர் கடைக்குப் போனேன். வேலையை முடித்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், ஏலத்துல எடுக்கவங்ககிட்ட நம்ம பேரைச் சொல்லிவிடுங்க. இதைத் தொட வேற ஆள் கெடையாது."

"எந்த ஏலம்?"

அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டே இருந்தார். சுத்தமான பிறகும் துடைத்தார். "உங்க கோயில் பண்டிகை ஏலம். அம்மா நேந்துக்கிட்டாங்களாமே. உங்க ஆளுக ரெண்டு மூணு பேரு வந்து வண்டி எப்படியிருக்குன்னு எங்கிட்ட விசாரிச்சுட்டுப் போனாங்க. உங்களுக்குத் தெரியும்னுல்லா நினைச்சேன்."

வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். மறைக்கவில்லை.

ஆகஸ்ட் மாதமே பொருத்தனை செய்துவிட்டாள். தம்பி வேலை நிலைத்தால், வண்டி ஓடினால், அதைக் கர்த்தருக்குக் கொடுப்பதாக.

"அது என்ன 'ஓடினால்'?"

"ஊனமானதைப் படைக்கப்பிடாதுல்லா."

"ஓடாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னியா?"

கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ எங்க ஓட்டப்போறன்னு நினைச்சேன். நீதான ஓடாதுன்ன. அந்தப் பாயும் சொன்னாருன்ன. வெறுங்கையோட ஜெபம் பண்ண மனசு வரலை. நான் கொடுக்கதுக்கு என்ட்ட என்ன இருக்கு சொல்லு. எல்லாம் தம்பி பேர்ல."

"இது மட்டும் உன்னுதா?"

"அப்பாவுதுதானட்டி."

கர்த்தரை ஏமாற்றப் பார்த்திருக்கிறாள். அதற்கு என் கையாலாகாத்தனத்தை ஈடாக வைத்திருக்கிறாள். சபைக்கே தெரிந்திருக்கிறது. நான் சம்மதித்ததாகவும் அவளே சொல்லியிருக்கிறாள்.

"கொடுக்க முடியாது" என்றேன்.

அம்மா அழுதாள். நடிப்பில்லை. "கொடுக்காமப் போயி நாளைக்குத் தம்பிக்கு ஒண்ணுன்னா? நீதான் ஒண்ணையும் நம்ப மாட்டேங்க. நான் என்ன செய்ய? சபையில சொன்னதை எப்படி இல்லைன்னு சொல்ல?"

கீரையை நான் ஆய்ந்து முடித்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

போதகர் வந்திருந்தார். ஏலத்தில் எடுப்பவருக்கு மாற்றிக் கொடுக்க வாரிசுகள் மூவரும் கையெழுத்திட வேண்டுமாம். தயக்கத்தோடுதான் கேட்டார், நல்ல மனிதர். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தம்பி போனில் வந்தான். "ஏக்கா, இதுக்குப் போயி ஏன் மூஞ்சியைத் தூக்குத? நானே ஏலத்துல எடுக்கேன். எவன் கேட்டாலும் அவனுக்கு மேல கேக்கேன். எடுத்து அங்கயே உன் கையில சாவியைத் தாரேன். கர்த்தருக்கும் ஆச்சு, உனக்கும் ஆச்சு. அம்மாவும் நிம்மதியா இருப்பா."

யோசித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 8, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

கோயில் மைதானத்தில் பந்தல். காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக், யாரோ பின்னிய மேசைவிரிப்பு. அவற்றுக்கு நடுவே பீட்ரூட் நிறத்தில் ஜாவா. ஹேண்டில்பாரில் ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மாலையின் தண்ணீர் டாங்கில் சொட்டிக்கொண்டிருந்தது. போய்த் துடைத்தேன். ஒரு தன்னார்வலப் பையன், "தொடாதீங்க ஆன்ட்டி, காணிக்கைப் பொருள்" என்றான்.

ஏலம் தொடங்கியது. எங்கள் சபையில் ஒரு தேங்காய்க்குக்கூடச் சந்தை விலையில் யாரும் கேட்பதில்லை. கூடக் கேட்பதுதான் பக்தி. குற்றாலம் சாலையில் ஓட்டல் நடத்தும் ஒருவர் ஜாவாவை விடாமல் கேட்டார். தம்பியும் விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவன் கையைத் தூக்கியபோது மைக்கில், "நம்முடைய மறைந்த பொன்னுதுரை சார் அவர்களின் குமாரன்" என்று சொன்னார்கள். தம்பியின் முகம் சிவந்துகொண்டே வந்தது. அது பதற்றம் என்று நினைத்தேன். ஓட்டல்காரர் கடைசியில் சிரித்துக்கொண்டே கையை விரித்துவிட்டார்.

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். இருக்கையை விட்டு எழுந்துவிட்டேன்கூட.

தம்பி மேடைக்குப் போனான். போதகர் சாவியை அவன் கையில் வைத்து ஜெபித்தார். மைக்கைக் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசினான். வேலை நிலைத்ததைச் சொன்னான். கூட்டம் "ஆமென்" என்றது. இன்னும் கொஞ்சம் பேசினான். இன்னும் பலமாக "ஆமென்" வந்தது. அப்போது சொன்னான்:

"கர்த்தர் எனக்குச் செய்ததுக்கு இது போதாது. நான் கேட்ட பணத்தைக் கொடுத்துடுதேன். வண்டியையும் திரும்பக் கோயிலுக்கே கொடுக்கேன். மறுபடி ஏலம் விடுங்க."

இதுவும் எங்கள் வழக்கம்தான். எடுத்த சேவலைத் திரும்பக் கொடுப்பார்கள். ஒரே சேவல் நாலு பேர் கை மாறும். நான் வேதியியல் படித்தவள். இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

கைதட்டல் ஓயவே இல்லை. அம்மா கண்ணைத் துடைத்தாள். இரண்டாம் ஏலத்தில் ஓட்டல்காரருக்குப் போட்டியில்லை. ஓட்டல் வாசலில் மேடை கட்டி, கண்ணாடி அடைத்து வண்டியை நிறுத்துவாராம். ஆயில் ஒழுகித் தரை கெடுமே, எல்லாவற்றையும் வடித்துவிட முடியுமா என்று என்னிடம்தான் கேட்டார். முடியும் என்றேன். எப்படி என்றும் சொன்னேன்.

தம்பி பந்தல் ஓரத்தில் வந்து நின்றான்.

"கோவமாக்கா? என்னமோ அந்த நேரத்துல அப்படி வந்துட்டு. ஆவியானவர் ஏவினாரு, நான் என்ன செய்ய? ஆன்லைன்ல இந்த மாதிரி எத்தனையோ வண்டி கெடக்கு. உனக்கு ஒண்ணு வாங்கித் தாரேன்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். பிரியாணி தீர்ந்துகொண்டிருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். அம்மாவுக்கு ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நான். என்னைப் பார்த்துப் போதகர் தலையசைத்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நேற்றைய காரியம் என் மனத்தைத் தொட்டுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்றார் போதகர். எழுந்து முன்னால் போனேன். வகுப்பெடுக்கும் குரல்தான் வந்தது.

"நேற்று என் தம்பி கொடுத்ததை எல்லாரும் பார்த்தீர்கள். அவனும் பெர்சியும் இன்னொரு தீர்மானமும் எடுத்திருக்கிறார்கள். அவன் கூச்சப்படுவான், அதனால் நான் சொல்கிறேன். கர்த்தர் காப்பாற்றிய வேலைக்கு நன்றியாக, இனி அம்மாவைத் தங்களோடு சென்னையில் வைத்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ளப் போகிறார்கள். அப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். அம்மாவை அவன் கேட்டு வாங்கியிருக்கிறான். சபை ஜெபித்து அனுப்ப வேண்டும்."

பொய். வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்கப்போவதில்லை.

"ஆமென்" நேற்றைவிடப் பலமாக வந்தது. தம்பி எழுந்து நிற்கவேண்டியிருந்தது. போதகர் அவன் தலையில் கை வைத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனையில் அம்மாவுக்கு வழியனுப்பு ஜெபம் என்று அங்கேயே அறிவித்தார். பெண்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டு அழுதார்கள், எப்பேர்ப்பட்ட மகன் என்று.

வாசலில் தம்பி என் முழங்கையைப் பிடித்தான். "ஏக்கா, என்ன காரியம் பண்ணிட்ட. ரெண்டு ரூம் வீடு. பெர்சிக்கு நான் என்ன சொல்ல?"

"உள்ள போதகர் நிக்காரு. போயி இல்லைன்னு சொல்லிட்டு வா."

அவன் போகவில்லை. லீவை ஒரு வாரம் நீட்டியிருக்கிறான்.

நவம்பர் 16, ஞாயிறு

வழியனுப்பு ஜெபம் முடிந்தது. ராத்திரி சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ். தம்பி ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான்.

அம்மா ஒரு வாரமாக என்னிடம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சேலைகளை மடித்து வைத்தாள். பைபிளை மேலே வைத்தாள். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று பெர்சிக்கு எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன்.

"நான் ஓடாதுன்னு நினைச்சுத்தான் சொன்னேன்" என்றாள், பெட்டியைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்மா."

"நீ?"

"நான் என்ன?"

"சபையில வாய் தவறிச் சொன்னியா, நினைச்சுத்தான் சொன்னியா?"

"நினைச்சுத்தான் சொன்னேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்து நின்றேன், அது இல்லை. ஆற அமரப் பார்த்தாள். என்னைப் பெற்றவள் தான்தான் என்பது அவளுக்கு இன்றைக்குத்தான் நிச்சயமானதுபோல இருந்தது.

"மூடி சேர மாட்டேங்கு, ஏறி உக்காரு" என்றாள்.

பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். அவள் குனிந்து பூட்டினாள்.